துவைக்கிற ரூம் சாவி

இல்ல மேடம், இப்ப காஞ்சிருச்சு. நேத்து ஈரமாத்தான் கிடந்துச்சு. பாத்து வாங்க, அந்த ஓரத்துல ஒரு டைல்ஸ் பேந்து நிக்குது, காலத் தட்டும். ஆமா, இதான் இடம். இந்த மெஷினுக்கும் செவுத்துக்கும் நடுவுல. அந்தப் பொண்ணு தலை அந்தப் பக்கம், கால் இந்தப் பக்கம். துவைக்கப் போனவ ரொம்ப நேரமா வரலியேன்னு தேடி வந்தேன், தண்ணில வழுக்கி விழுந்துட்டா போலருக்குன்னு புருஷன் ஆஸ்பத்திரில உங்ககிட்டச் சொல்லியிருப்பாரு. ம். அப்படித்தான் சொன்னாரா. சரி.

நானா? சங்கச் செயலாளர் மேடம், இந்தக் குடியிருப்புக்கு. நீங்க வாட்ச்மேன்கிட்ட செயலாளர் யாருன்னு கேட்டீங்களாமே, அதான் ஸ்பேர் சாவிய எடுத்துட்டு நானே இறங்கி வந்தேன். உக்காருங்கன்னு சொல்ல இங்க ஒரு பெஞ்சு கூட இல்ல பாருங்க. முன்னாடி இருந்துச்சு. நீளமா, மரப் பெஞ்சு. நான்தான் எடுத்துரச் சொன்னேன். ஏன் எடுத்தேன்னு சொல்லாம நேத்து நடந்தத மட்டும் சொன்னா உங்களுக்கு ஒண்ணும் புரியாது.

நேத்திக்குத்தான் வர்றேன் மேடம். கொஞ்சம் சுத்தி வருவேன், நமக்கு வாய் அப்படி. முப்பது வருஷம் பஸ் டிப்போவுல டைம்கீப்பர். மைக்ல பேசிப் பேசியே தொண்டை போச்சு.

நீங்க பஸ்ஸுக்கு நின்னிருப்பீங்கல்ல? ரொம்ப நேரம் ஒண்ணும் வராது, அப்புறம் மூணு ஒண்ணா வரும். ஜனங்க என்ன சொல்லுவாங்க? டிரைவருங்கல்லாம் டீக்கடையில உக்காந்து கதையடிச்சிட்டுச் சேர்ந்து கிளம்புறானுங்கன்னு. அதில்ல மேடம். முதல் பஸ் எங்கயோ ஒரு சிக்னல்ல மாட்டிக்கும். அதுக்குள்ள அடுத்த ஸ்டாப்புல கூட்டம் சேர்ந்துரும். கூட்டம் ஏற நேரமாகும். அதனால இன்னும் லேட்டு, லேட்டானதால இன்னும் கூட்டம். பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு ஸ்டாப்புல ஆளே இருக்காது. அவன் காத்தா வந்து முன்னாடி போறவன் முதுகுல ஒட்டிக்குவான். தப்பு யாரோடது? யாரோடதும் இல்ல. டிரைவருக்கு மெமோ குடுத்து ஒரு புண்ணியமும் கிடையாது. இது எனக்கு வேலை பாத்தே தெரியும். ஆனா இதுக்குன்னு ஒரு படிப்பே இருக்குன்னு ரிட்டயர் ஆனப்புறம்தான் தெரிஞ்சுது.

சங்க நிர்வாகிங்களுக்கெல்லாம் ஒரு தொண்டு நிறுவனத்துல பயிற்சி வச்சாங்க. ஒரு டீச்சர், சின்ன வயசுப் பொண்ணுதான், செவுரு முழுக்கச் சார்ட் ஒட்டி வச்சு நடத்துச்சு. ஊர்ல ஒரு பிரச்சினைன்னா உடனே எவன் பண்ணான்னு தேடாதீங்க, எது எதத் தள்ளிவிடுதுன்னு பாருங்கன்னுச்சு. ஒவ்வொண்ணையும் வட்டமாப் போடு, ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு அம்பு போடு, அந்த அம்பு சுத்திக்கிட்டு ஆரம்பிச்ச இடத்துக்கே வருதா பாரு. வந்துச்சுன்னா அது தானா வளரும். எந்த அம்புல கை வச்சா மொத்தமும் மாறும்னு கண்டுபிடி. அவ்வளவுதான் பாடம். எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு மேடம். காலண்டர் தாளக் கிழிச்சுக் கிழிச்சு பின்பக்கம் பூரா வட்டம். மருந்துக் கடைக் கூட்டத்துல நின்னாலும் கை பாட்டுக்குக் காத்துல அம்பு போட்டுக்கிட்டு இருக்கும். பக்கத்துல நிக்கிறவன் ரெண்டடி தள்ளி நிப்பான்.

அப்ப இங்க பெரிய தலைவலி இந்த ரூம்தான். அஞ்சு மெஷின், அதுல ரெண்டு செத்துப் போச்சு. மூணு மெஷினுக்கு மொத்தக் கட்டடமும் அடிச்சுக்கும். என் பக்கெட்ட எவ நகத்துனது, என் துணிய ஏன் ஈரத்தோட வெளிய எடுத்துப் போட்டன்னு. மூணாவது மாடியில ஒரு தையல்காரம்மா இருக்காங்க, அவங்களுக்கு இங்க எல்லாரும் வச்ச பேரு சைரன். அவங்க இங்க நின்னு வாயத் தெறந்தா மொட்டை மாடியில காக்கா பறக்கும். போலீஸ் கூட ரெண்டு தடவ வந்திருக்கு. உங்க ஸ்டேஷன்தான், பழைய ஆளுங்களக் கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க.

நான் வட்டம் போட்டேன். சண்டை. சண்டை போட்டதால மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க. பேசாததால சங்கக் கூட்டத்துக்கு வர மாட்டாங்க. கூட்டத்துக்கு வராததால மெஷின ரிப்பேர் பண்ண முடிவெடுக்க முடியாது. ரிப்பேர் ஆகாததால காத்திருக்கணும். காத்திருந்தா சண்டை. பாத்தீங்களா, பஸ்ஸு கதைதான்! யாரும் கெட்டவங்க இல்ல. கூட்டத்துல அந்தத் தாளத் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் அப்படியே அசந்துட்டாங்க. கைதட்டக் கூடச் செஞ்சாங்க.

சைரன் மட்டும் எந்திரிச்சு, அதெல்லாம் சரிங்க, ஒரு மெஷின ரிப்பேர் பண்ணுங்க, இன்னொரு பெஞ்சு போடுங்க, உக்கார இடம் இருந்தா பொம்பளைங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருப்போம், சண்டை பாதியா குறைஞ்சிரும்னாங்க. அந்த டீச்சர்கிட்ட அப்புறமா தாளக் காட்டினப்ப அதுவும் அதேதான் சொல்லுச்சு. உக்கார வைங்க சார், ஜனங்க இங்க துணிக்காக மட்டும் வரலன்னு.

நான் அதப் பண்ணல. ரூமப் பூட்டுனேன்.

பூட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரம் பிரிச்சுக் குடுத்தேன். டைம்கீப்பர்ல, அது எனக்குத் தண்ணி பட்ட பாடு. சுத்துற சாவி ஒண்ணுதான், ஸ்பேர் என்கிட்ட. உங்க நேரம் முடிஞ்சதா, பூட்டிட்டுச் சாவிய அடுத்த வீட்டுக் கதவுக் கைப்பிடியில மாட்டிட்டுப் போயிரணும். பெல் அடிக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. அதயும் நான்தான் சொன்னேன், தொந்தரவு வேண்டாம்னு. ஒருத்தர் நேரத்துல இன்னொருத்தர் உள்ள வரக் கூடாது. பெஞ்சுக்கு அப்புறம் என்ன வேலை? தூக்கிட்டாங்க.

சண்டை சுத்தமா நின்னுச்சு மேடம். சுவிட்சப் போட்டு அணைச்ச மாதிரி. பக்கத்துக் குடியிருப்புலேருந்தெல்லாம் வந்து பாத்தாங்க, எப்படிப் பண்ணீங்கன்னு. நானும் காலரத் தூக்கிவிட்டுக்கிட்டு வட்டத்த விளக்குனேன்.

அப்புறம் ஒரு நாள் சாவி நின்னு போச்சு. ரெண்டாவது மாடியில ஒரு வீட்டுக் கைப்பிடியிலயே தொங்குது, எடுக்க ஆளில்ல. அடுத்த வீட்டுக்காரங்களும் நம்ம முறை வரலன்னு அழுக்கு மூட்டையோட உக்காந்திருக்காங்க, போய்த் தட்டல. பெல் அடிக்கக் கூடாதுன்னு சட்டமாச்சே! வாரம் கழிச்சு எவனோ என்கிட்ட வந்து புகார் சொன்னான். போய்ப் பாத்தா வீடு காலி. புருஷனுக்கு வேலை போயி, குடும்பத்தோட எங்கயோ போயிருக்காங்க. குழந்தைய வச்சுக்கிட்டு. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியல. முன்னாடியா இருந்தா அவங்க பெட்டி கட்டுறதுக்கு முன்னாடியே அந்தப் பெஞ்சுல சேதி வந்திருக்கும், நாலு பேரு வேலை தேடிக் குடுத்திருப்பாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்னு.

மாத்தியிருக்கலாம்தான். மாத்தல.

வர்றேன், அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். நாலாவது மாடி. கல்யாணமாகி வந்து ரொம்ப நாளாகல. வெளிய வாசல்ல பாக்க முடியாது, கடைக்குப் புருஷனே போயிட்டு வந்துருவான். அது கீழ இறங்கி வர்றது துணி துவைக்க மட்டும்தான். பெஞ்சு இருந்த காலத்துல வந்து, அந்தக் கோடியில ஒடுங்கி உக்காந்துக்கும். ஒரு நீலப் போர்வை. அதையே திரும்பத் திரும்பத் துவைக்கும். சைரன் கிண்டல் பண்ணியிருக்காங்க, இந்தப் போர்வை அப்படி என்னம்மா பாவம் பண்ணுச்சு, தோலுரிக்கிறியேன்னு. எல்லாரும் சிரிச்சிருக்காங்க, அதுவும் சிரிச்சிருக்கு. சிரிக்கறப்ப முந்தானை விலகி, இங்க, தோள்பட்டைகிட்ட, சைரன் பாத்துட்டாங்க. அதுக்கப்புறம் போர்வையப் பத்திப் பேசல. அந்தப் பொண்ணு வந்தா பக்கத்துல நகர்ந்து உக்காந்துக்குவாங்களாம். எண்ணெய் தேச்சு விடுவாங்களாம். பேச மாட்டாங்களாம், சைரனே பேச மாட்டாங்களாம்னா பாத்துக்கங்க.

ஆமா மேடம், அடிதான். தெரியும். எல்லாருக்கும்னு இல்ல, பெஞ்சுல உக்கார்றவங்களுக்குத் தெரியும்.

போலீசுக்கு ஏன் வரலயா? அந்தப் பொண்ணு வேண்டாம்னு அழுதிருக்கு. ஆனா சைரன் சும்மா இருக்கற ஆளில்ல. ஒரு நாள் அந்தப் பொண்ணு துவைக்க வரலன்னதும் நேரா நாலாவது மாடிக்கு ஏறிட்டாங்க. பின்னாடியே ரெண்டு மூணு பொம்பளைங்க, கையில சோப்பு நுரையோட. கதவத் தட்டோ தட்டுன்னு தட்டுனாங்க. அந்த வீட்டுல ஒரு பெரியவரும் இருக்காரு, பையனோட அப்பா. அவருதான் தெறந்தாரு. பொண்ணக் கூப்பிடுங்கன்னாங்க. தூங்குறான்னாரு. இல்ல, பாத்துட்டுத்தான் போவோம்னாங்க. மாடி முழுக்கக் கதவு தெறந்து ஆளுங்க எட்டிப் பாக்குறாங்க. சைரன் கத்துறாங்க, பெரிய மனுஷன்னு பேரு வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியலயா, கண்ணு அவிஞ்சா போச்சுன்னு. அந்த ஆளு வாழ்க்கையில அப்படி ஒரு பேச்சு வாங்குனதில்ல. மூஞ்சில ரத்தமே இல்ல.

அதுலேருந்து வாரம் ஒரு தடவை இதே கதை. ஒரு விஷயம் சொல்லணும் மேடம், அப்படி அவங்க வந்துட்டுப் போற வாரமெல்லாம் அந்த வீட்டுல அடி இல்ல. பையன் பயந்துக்குவான். கீழ யாரு என்ன பேசுவாளோன்னு கையக் கட்டி வச்சிருப்பான். ஒரு அம்புதான். கீழ பாக்குறாங்க, மேல கை ஓங்க மாட்டேங்குது. அத மட்டும் எந்தத் தாள்லயும் நான் போடல.

எனக்கு எப்படித் தெரியுமா? தெரியும்.

அந்தப் பெரியவரப் பாக்கணுமா? பாக்கலாம் மேடம், எங்கயும் போயிர மாட்டாரு. ஒரு நிமிஷம். இவ்வளவு பேசுனவன் இதையும் சொல்லிடுறேன். அந்த டீச்சர்கிட்ட என் தாளக் காட்டினேன்னு சொன்னேன்ல, அது ரொம்ப நேரம் உத்து உத்துப் பாத்துச்சு. மூஞ்சிய நிமித்தி, எல்லாம் சரி, இந்தப் படத்துல நீங்க எங்க சார் இருக்கீங்கன்னு கேட்டுச்சு. நான் சிரிச்சேன். நான் பேனாவப் புடிச்சிருக்கேம்மா, படம் வரையறவன் படத்துக்குள்ள எப்படி வருவான்னேன். வருவாங்க சார்னுச்சு. நான் தாள மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன். ராத்திரியெல்லாம் எரிச்சல், இத்துனூண்டு பொண்ணு என்ன கேள்வி கேக்குதுன்னு.

ஊர் வாய மூட உலைமூடி இல்லம்பாங்க. இருக்கு மேடம். நான் செஞ்சேன். பூட்டு, சாவி, ஆளுக்கொரு நேரம். சண்டைக்காகன்னு எல்லாரும் நெனச்சாங்க. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன், சொல்லச் சொல்ல நமக்கே நம்பிக்கை வந்துரும்ல. எந்த அம்ப வெட்டுனா மொத்தமும் மாறும்னு கண்டுபிடிக்கச் சொல்லிக் குடுத்தாங்க, நான் கரெக்டாத்தான் கண்டுபிடிச்சேன். அந்த நாலாவது மாடி வீட்டுக்கு மத்தியான நேரமாப் பாத்துக் குடுத்தேன், மொத்தக் கட்டடமும் வேலைக்குப் போயிருக்கற நேரம். சைரனுக்குக் காலையில, விடிஞ்சதும். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் படியில கூடப் பாக்க முடியாது. கதவத் தட்டுறதும் நின்னுச்சு. சைரன் விடாம ஒரு தடவை வந்தாங்க, சங்கத்துத் தீர்மானத்தக் காட்டி, அடுத்தவங்க வீட்டத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு எழுத்துல நோட்டீஸ் குடுத்தேன். செயலாளர் கையெழுத்து. அதுக்கப்புறம் அவங்க வரல.

மேல போக வேண்டாம் மேடம், உக்காந்து எழுதுங்க, இந்தப் பக்கெட்டக் கவுத்துப் போடுறேன். அந்தப் பெரியவர்கிட்டதான் இவ்வளவு நேரமாப் பேசிட்டு இருக்கீங்க.

ஆமா. எம் பையன்தான்.

தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க, அது நிஜம்தான், ஆனா அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்க முடியாது. நேத்து அவ இங்க வரவே இல்ல. மத்தியானம் அவன் சாப்பிட வந்த நேரத்துல எங்க வீட்டுச் சமையல்கட்டுல நடந்துச்சு. என்ன சண்டைன்னு கேக்காதீங்க, உப்புப் பெறாத விஷயம். புடிச்சுத் தள்ளுனான், மேடைக் கல்லுல தலை இடிச்சுது. நான் முன் ரூம்ல இருந்தேன். சத்தம் கேக்க ஆரம்பிச்சதும் நான் என்ன பண்ணேன்னு சொல்லவா? ரிமோட்ட எடுத்து டிவி சத்தத்தக் கூட்டுனேன். எப்பவும் அதான் பண்ணுவேன். கொஞ்ச நேரத்துல அவன் வந்து என் முன்னாடி நின்னான். அப்பா, இப்ப சாவி நம்மகிட்டதான இருக்குன்னான்.

எனக்குப் புரிஞ்சிருச்சு. வேண்டாம்டா, முதல்ல ஆம்புலன்ஸக் கூப்பிடுடான்னு சொல்லணும்ல? சொல்லல. நான் அவ காலப் புடிச்சுக்கிட்டேன், அவன் தோளப் புடிச்சான். நாலு மாடி. பின்பக்கப் படி. ஒரு ஆள் எதுக்க வரல. வரவே மாட்டாங்க, அப்படித்தான பண்ணி வச்சிருக்கேன். பாதி வழியில அவ முனகுனா மேடம். மாமான்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. நான் கால விடல. இங்க படுக்க வச்சோம். தண்ணி ஊத்துனது நான். கொழாயத் தெறந்து, பக்கெட்ல புடிச்சு, பதமா.

ஒண்ணும் சொல்லாதீங்க, இருங்க. நான் பாவம்னு நெனச்சுராதீங்க, அந்த ஒண்ணுதான் என்னால தாங்க முடியாது. டிப்போவுல ஒரு டிரைவரக் கூட நான் குத்தம் சொன்னதில்ல. யாரோட தப்பும் இல்ல, எல்லாம் ஓட்டத்தோட தப்புன்னு. அதக் கொண்டாந்து என் வீட்டுல வச்சேன். அவனுக்கு வேலையில டென்ஷன், அவன் அம்மா போனதுலேருந்து அப்படி, அவளும் கொஞ்சம் எதுத்துப் பேசுறான்னு வட்டம் போட்டுக்கிட்டே போனா ஒருத்தனும் மாட்ட மாட்டான் மேடம். பஸ்ஸு வேற. இங்க ஓங்குன கை ஒருத்தனோடது, டிவி சத்தத்தக் கூட்டுன கை இன்னொருத்தனோடது.

டாக்டர் என்ன சொன்னாரு? பொழச்சுக்குவாளா? கண்ணு முழிக்கலயாமே இன்னும். முழிப்பா, முழிக்கணும். சைரன் காலையிலயே போயி வார்டு வாசல்ல உக்காந்துட்டாங்களாம், அவன உள்ள விட மாட்டேங்குறாங்கன்னு போன் பண்ணி என்கிட்டப் புகார் சொல்றான். இருக்கட்டும்டான்னு வச்சுட்டேன்.

எதுக்கு இப்பவே எழுதச் சொல்றேன்னா மேடம், அவ முழிச்சதும் நீங்க போயிக் கேப்பீங்க. கேட்டா, வழுக்கி விழுந்துட்டேன்னுதான் சொல்லுவா. சத்தியம் பண்ணக் கூடச் செய்வா. நீங்களும் கேஸ முடிச்சுட்டு அவன்கூடவே திருப்பி வீட்டுக்கு அனுப்பிருவீங்க. அத நம்பாதீங்க. முதல் தடவ உதடு கிழிஞ்சு வந்தப்ப, யாராச்சும் கேட்டா வழுக்கி விழுந்தேன்னு சொல்லிரும்மான்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். சரி மாமான்னா.